இருசக்கர ஊர்தியில் அணிசேர்த்தலும் அணிநீக்கலும்: ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிள் எனப்படுவது இரண்டு சக்கரங்களும், அவற்றுள் பின்னதைச் சுழற்றும் ஓர் எஞ்சினும், அமர்வதற்கு ஓர் இருக்கையும் உடைய ஊர்தி என்று பொறியியல் நூல்கள் கூறும். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இவ்வரையறை போதாது. லெக் கார்டு, சீட் கவர், டேங்க் கவர், சைடு பாக்ஸ், மொபைல் ஹோல்டர், கூடுதல் விளக்கு, கண்ணேறு கழிக்கும் கறுப்புக் கயிறு ஆகிய எவையும் அந்நூல்களில் இடம்பெறவில்லை. ஆயினும் இவை யாவும் இல்லாத வண்டியொன்று தெருவில் நிற்குமானால், கடன் தவணை கட்டவே உரியவர் திணறுகிறார் போலும் என்று அண்டைவீட்டார் முடிவுகட்டிவிடுவர். இப்பொருள்களைச் சேர்க்க வேண்டும் என்போரை அணியியலார் என்றும், வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்போரை வெறுமையியலார் என்றும் இக்கட்டுரை வழங்கும்.

துணைப்பொருள் எது என்பதிலேயே முதல் சிக்கல் எழுகிறது. ஒன்றைக் கழற்றி வைத்த பின்னும் வண்டி ஓடுமாயின், கழற்றப்பட்டது துணைப்பொருளே என்பது மெக்கானிக் கடை மரபினர் கொள்ளும் இலக்கணம். கேட்பதற்குத் தெளிவாக இருக்கும் இவ்விலக்கணத்தை நடைமுறையில் பொருத்திப் பார்த்தால், பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், செயின் கவர், சிற்சில வண்டிகளில் முன் பிரேக் ஆகியவையும் துணைப்பொருள்களாகிவிடுகின்றன. இவையின்றியும் வண்டிகள் ஓடிக்கொண்டிருப்பதை எந்தச் சிக்னலிலும் ஐந்து நிமிடம் நின்று சரிபார்த்துக்கொள்ளலாம். பில் போட்ட பிறகு வாங்குவதே துணைப்பொருள் என்று கொள்வதற்கும் வழியில்லை. 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' என்ற பெயரில், வாங்குபவர் வாய் திறப்பதற்கு முன்பே பாதிப் பொருள்களை மாட்டி, வரியோடும் காப்பீட்டோடும் சேர்த்து 'ஆன் ரோடு' விலையில் கரைத்துவிடும் திறம் ஷோரூம்களுக்கு உண்டு. தலைக்கவசத்தை எவ்வகையில் சேர்ப்பது என்பது தனிச் சிக்கல். சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயமாக்கப்பட்டது. தலையில் இருக்கும்போது பாதுகாப்புக் கருவியாகவும், டேங்கின் மீதோ முழங்கையிலோ தொங்கும்போது அணியாகவும் விளங்கும் அது, காவலரின் வெள்ளைச் சட்டை கண்ணில் பட்ட கணத்தில் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்குத் தாவுகிறது.

ஆகவே இக்கட்டுரை வேறோர் இலக்கணத்தை முன்வைக்கிறது: வண்டிக்காக அன்றி, வண்டியின் மீது ஏற்கெனவே ஏறிவிட்ட பிறிதொரு பொருளுக்காக வாங்கப்படுவதே துணைப்பொருள். இதற்கு மொபைல் ஹோல்டர் நல்ல சான்று. வழி பார்ப்பதற்கென ஹோல்டர் வாங்கப்படுகிறது. அதில் நாள்முழுதும் ஒளிரும் போனுக்குச் சார்ஜ் இறங்கிவிடுவதால் யூ.எஸ்.பி. சார்ஜர் வாங்கப்படுகிறது, மழைக்கு அஞ்சி ஒளிபுகும் உறை வாங்கப்படுகிறது. கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் காக்கும் நுண்கருவி ஒன்று போன் கேமராக்களுள் உண்டு. ஆற்றல் மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு இதனைக் கெடுக்கக்கூடும் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் வைத்திருப்போரை எச்சரித்தது. எனவே அதிர்வுதாங்கி ஒன்றும் வாங்கப்படுகிறது. நான்கு பொருள்கள் ஏறியும் வண்டிக்கென்று ஒன்றும் ஏறவில்லை என்பது நோக்கத்தக்கது. போன் காட்டிய சந்து முட்டுச்சந்தாக முடிந்த பின் டீக்கடையில் வழி கேட்பதற்கு மட்டும் இதுவரை துணைப்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

டேங்க் கவர் இவ்விலக்கணத்தின் உச்சம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கி வந்தது. புல்லட்டின் டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகள் தூரிகை பிடித்துக் கையால் இழுக்கப்படுபவை; எந்திரங்கள் நிறைந்த ஆலையொன்றில் ஒரு மனிதரின் மணிக்கட்டை நம்பி விடப்பட்ட வேலை அது. அவ்வாறு இழுக்கப்பட்ட கோட்டை, வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலையே கறுப்பு ரெக்சின் உறை மூடிவிடுகிறது. பேன்ட் ஜிப்பும் பெல்ட் பக்கிளும் பெயின்ட்டைக் கீறிவிடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம், அது உண்மையும்கூட. ஆனால் உறைக்கும் டேங்குக்கும் இடையே புகும் தூசி, எஞ்சினின் அதிர்வோடு சேர்ந்து உப்புத்தாள் போல் ஓயாமல் தேய்க்கிறது. மழைநீரோ உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கித் துருவுக்கு இடம் தேடுகிறது. கீறலைத் தடுக்க வந்த உறை, தடுக்க வந்ததினும் மிகுதியான கீறலைத் தானே உண்டாக்குகிறது. எனினும் உறை ஒருபோதும் கழற்றப்படாமையால், இம்முரண்பாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. சீட் கவருக்கும் இது பொருந்தும். ஆலை தைத்தனுப்பிய சீட்டின் மேல் கவர், கவரின் மேல் வெயிலுக்கு ஒரு துண்டு, அனைத்தின் மேலும் இரவில் வண்டியை முழுதாகப் போர்த்தும் தார்ப்பாய் என்று அடுக்குகள் ஏறிக்கொண்டே செல்கையில், எந்த அடுக்கை எந்த அடுக்கு காக்கிறது என்பது வண்டியின் உரிமையாளருக்கே மறந்துபோகிறது.

அணியியலாரின் கொள்கைக்கு மின்னியல் ஓர் எல்லை வகுத்துள்ளது. சான்றாக, 1994 முதல் விற்கப்பட்டு வரும் ஸ்ப்ளெண்டர் மோட்டார் சைக்கிள், 97.2 சி.சி. எஞ்சினும் ஏறத்தாழ எட்டுக் குதிரைத் திறனும் உடையது. அதன் பேட்டரி 12 வோல்ட், 3 ஆம்பியர் மணி அளவினது. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் கிடைப்பது தேக்கி வைத்துள்ள ஆற்றல். இங்கு அது 36 வாட் மணி. இரண்டு புறமும் கூடுதல் விளக்கு மாட்டி, இரண்டும் சேர்ந்து 60 வாட் இழுக்குமாயின், கணக்கின்படி முப்பத்தாறே நிமிடத்தில் பேட்டரி காலி. எஞ்சின் ஓடும்போது மின்னாக்கி ஈடுகட்டும் என்பது மெய்யே. ஆனால் அது ஆலை மாட்டிய விளக்கையும் ஹாரனையும் மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டதேயன்றி, உரிமையாளரின் ஆசையை வைத்து அன்று. அதன் பயனாகச் சிக்னலில் நிற்கையில் ஹாரனை அழுத்தினால் விளக்கு மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் இருமுகிறது. அடுக்கடுக்காகப் பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனை 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்துள்ளன என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அவ்விதி அறிந்தோர் தொகையைவிட அந்த ஹாரன் அறிந்தோர் தொகை பெரிது.

2017 ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகளில், எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கும் எரியும்படி செய்து, அணைக்கும் சுவிட்ச் நீக்கப்பட்டது. பட்டப்பகலில் எரியும் விளக்கைக் கண்ட மக்கள், விரல்களை விரித்தும் மடக்கியும் எதிரே வருவோர்க்குச் சைகை காட்டி, முன்பின் அறியாதவரிடத்தும் இத்தனை அக்கறை உண்டு என்று மெய்ப்பித்தனர். சைகைக்குத் தலையாட்டித் தலையாட்டிக் களைத்தவர்களுக்கென அணைக்கும் சுவிட்சைத் தனியே விற்கக் கடைகள் முன்வந்தன. ஒரே வண்டியில் ஆலை தந்த விளக்கை அணைக்க ஒரு சுவிட்சும், கடை தந்த விளக்கை எரிக்க மற்றொரு சுவிட்சும் அருகருகே பொருத்தப்படும் நிலை இவ்வாறே தோன்றியது.

இவற்றைக் காணும் வெறுமையியலார் தம் கொள்கையே வென்றது என மகிழ்வர். சட்டமும் அவர் பக்கமே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எனினும் வெறுமையியலாருள் இளையோர் பிரிவு, ஆலை தந்ததையே மிகையெனக் கருதிக் கழற்றத் தொடங்குவதால் அச்சட்டத்தின் மறுமுனையில் சென்று சிக்குகிறது. கழற்றுவதும் இலவசமன்று. நீண்ட பின் மட்கார்டைக் கழற்றியவர் நம்பர் பிளேட்டை மாட்ட ஒரு குட்டித் தகடு வாங்க வேண்டும். பெரிய கண்ணாடியை நீக்கியவர் சிறிய வட்டக் கண்ணாடி வாங்க வேண்டும். இருவர் அமரும் சீட்டை நீக்கியவர் ஒருவர் அமரும் சீட்டுக்கு அதனினும் கூடுதல் விலை தர வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இரு சாராரும் ஒரே கவுன்ட்டரில் தோளுரசி நிற்பதும், கடைக்காரர் இருவருக்கும் ஒரே முகமலர்ச்சியோடு பில் போடுவதும் கொள்கைச் சண்டையின் ஆழத்தை அளக்க உதவும். தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தை வரிசைப்படுத்துகையில், உள்ளதை உள்ளபடி கூறும் தன்மையணியையே முதலில் வைத்தது. ஒன்றும் சேர்க்காமையும் ஓர் அணியே என்பதை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழ் அறிந்திருந்தது. 1985 முதல் 1996 வரை விற்கப்பட்ட ஆர்.எக்ஸ். 100 வண்டியை இன்று 'ஒரிஜினல் கண்டிஷனில்' வைத்திருக்க விரும்புவோர், அசல் மட்கார்டுக்கும் அசல் இண்டிகேட்டருக்கும் புதுப்பேட்டைக் கடைகளில் அலையும் அலைச்சலைக் கண்டவர், எளிமையைச் சிக்கனம் என்று பிழைபடக் கருதமாட்டார்.

இரு கொள்கைகளுக்கும் அடங்காத பொருள்கள் இரண்டு உள. முதலாவது சாரி கார்டு, அதாவது பின்சக்கரத்தின் இடப்புறம் பொருத்தப்படும் கம்பி வலை. இதனை நகைப்பதற்கில்லை. ஒருக்களித்து அமரும் பெண்களின் புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் நேர்வது உயிர்ச்சேதம். பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதி மூடப்பட்டிருக்க வேண்டும் என்று மத்திய விதிகள் கூறுவதும் இதனாலேயே. ஆயினும் வண்டி வாங்கிய இளைஞர் முதலில் கழற்றுவது இதைத்தான். கழற்றிய கார்டு பரணுக்குப் போகிறது. திருமணம் நிச்சயமானதும் தூசி தட்டி மீண்டும் மாட்டப்படுகிறது. பின்னர் டேங்கையொட்டிக் குழந்தைக்கு ஒரு சிறு இரும்பு இருக்கை, அதன் பின்னர் பள்ளிப்பை மாட்டக் கொக்கி, அலுவலகச் சாப்பாட்டுக்கு சைடு பாக்ஸ் என்று வண்டியில் ஏறும் ஒவ்வொன்றும் குடும்பத்தில் ஒரு நிகழ்வைக் குறிப்பதால், மண்ணடுக்கைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் அகழ்வாய்வாளர் எவரும் கம்பிகளை மட்டும் பார்த்து உரிமையாளரின் வயதைச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது டி.வி.எஸ். எக்ஸ்.எல். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-இன் வழித்தோன்றலாகிய இவ்வண்டியில், பின் சீட்டைக் கழற்றினால் சுமை ஏற்றத் தளம் கிடைக்கும். பால் கேன், தேங்காய் மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக் கூண்டு, ஐஸ் பெட்டி, இருபுறமும் கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் குடங்கள் என்று இதன் மேல் ஏறுவன கணக்கில் அடங்கா. வண்டி கண்ணுக்கே தெரியாதபடி பொருள்களால் மூடப்பட்டிருப்பினும் இதில் துணைப்பொருள் என்று ஒன்றுமில்லை. ஏனெனில் எதுவும் மற்றொன்றைக் காக்க ஏறவில்லை, எல்லாம் மாலைக்குள் இறங்கிவிடும். கடைத்தெரு வெல்டர் பற்றவைத்த இரும்புச் சட்டம் மட்டுமே நிலையாக நிற்கிறது. அதற்குப் பெயின்ட்டும் கிடையாது, கவரும் கிடையாது. வெறுமையியலார் கனவு காணும் துறவு நிலை, இவ்வளவு சுமைக்கு நடுவே இவ்வளவு எளிதாகக் கைகூடியிருப்பதைக் குறித்து அவர்தம் வட்டங்களில் பேச்சு எழுவதில்லை. ஆயுத பூஜை அன்று எக்ஸ்.எல்லும் புல்லட்டும் ஒரே வகையில் சந்தனம் பூசி, மாலை சூடி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு நிற்கும். அந்த ஒரு நாள் வெறுமையியலாரும் வாய் திறவார்.

எஞ்சியுள்ள வினா, இத்தனை காப்புகளும் எவருக்காக என்பதே. டேங்கின் நிறத்தை உரிமையாளர் பார்ப்பதில்லை. அது உறைக்குள் இருக்கிறது. சீட்டின் தையலை அவர் தொடுவதில்லை. அதன் மேல் கவர் இருக்கிறது. வெறுமையியலாரும் ஒரு கம்பியும் சேர்க்காமல் வண்டியை வைத்திருப்பது, விற்கும்போது 'ஸ்டாக் கண்டிஷன், சிங்கிள் ஓனர்' என்று சொல்வதற்காகவே என்பதால், இரு கொள்கையினரும் பாடுபடுவது ஒரே ஆளுக்காகத்தான்: இன்னும் வந்து சேராத, பெயர் தெரியாத, பேரத்தில் கறாரான இரண்டாம் உரிமையாளருக்காக. அவரும் ஒரு நாள் மெக்கானிக் ஒருவரை உடனழைத்துக்கொண்டு வருகிறார். டயரை உதைத்துப் பார்க்கிறார், உதைத்து ஸ்டார்ட் செய்கிறார், பின்னர் டேங்க் கவரின் முடிச்சை அவிழ்க்கச் சொல்கிறார். பொன்னிறக் கோடு, ஓரத்தில் சற்றுத் தேய்ந்து, வெயிலில் வெளிப்படுகிறது. அதனை உரிமையாளரும் வாங்க வந்தவரும் முழுதாகப் பார்த்துக்கொண்டு நிற்கையில், விலை பேசுவதற்கு முன்பாக வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, அந்தக் கவரும் வண்டியோடு சேர்த்தியா என்பதே.