வெறும் ஊசி குத்திக்கொள்வது எப்படி?

முதலில் உங்களுக்கு ஒரு வலி வேண்டும். பெரிதாக எதுவும் தேவையில்லை. குனிந்து ஃபோன் பார்த்தே ஒரு வருடத்தை ஓட்டினால், கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு தானாக விழுந்துவிடும். விழுந்ததும் பிசியோதெரபிஸ்டிடம் ஓடக் கூடாது, அது முறையல்ல. தைலம், உப்பு ஒத்தடம், பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் வலி மாத்திரை என்று வரிசைப்படி போக வேண்டும். இரட்டையாகப் பிறந்தவர் காலால் நீவிவிட்டால் சுளுக்கு போகும் என்று எங்கள் தெருவில் ஒரு கட்சி உண்டு. எனக்கு நீவிவிட்டவருக்கு வயது 68. நீவி முடித்ததும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இதெல்லாம் ஆன பிறகு கிளினிக்குக்குப் போகலாம். அங்கே ‘ட்ரை நீட்லிங்’ என்பார்கள். குத்திக்கொள்வது சுலபம், வீட்டுக்கு வந்து விளக்குவதுதான் கஷ்டம்.

“என்ன மருந்துடா போட்டாங்க?”

“மருந்து இல்லம்மா. வெறும் ஊசி.”

“வெறும் ஊசியா? அப்ப காசு?”

“அது வாங்கினாங்க.”

காய்ச்சலுக்கு வெறும் மாத்திரை எழுதிய டாக்டரை, “ஒரு ஊசிகூடப் போடல” என்று ஒதுக்கிவைத்த குடும்பம் எங்களுடையது. ஊசியைப் போட்டுவிட்டு மருந்தை மட்டும் போடாமல் விட்டவரை அம்மா இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

இப்படிப்பட்ட நேரத்தில் அமெரிக்க ஜனாதிபதியைத் துணைக்கு அழையுங்கள். முதுகுவலியால் அவதிப்பட்ட ஜான் கென்னடிக்கு, தசை முடிச்சுகளில் புரோகெய்ன் என்ற மரப்பு மருந்தை ஊசியில் ஏற்றியவர் ஜேனட் டிராவல். 1961இல் வெள்ளை மாளிகைக்கே டாக்டராகப் போனவர். வலி கிளப்பும் அந்த முடிச்சுகளுக்கு உடம்பு முழுக்க வரைபடம் போட்டவரும் அவர்தான். பிறகு 1979இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கரெல் லெவிட், 241 நோயாளிகளுக்கு மருந்தே இல்லாமல் குத்திப் பார்த்து எழுதினார்: சரியான புள்ளியில் பட்டால் வலி அடங்குகிறது, அந்த வேலையைச் செய்வது ஊசிதான். இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன்.

“கென்னடிக்காவது மருந்து போட்டிருக்காங்களே” என்றார்.

சரி, குத்தும் இடத்துக்கு வருவோம். சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் ஓட்டைக்குள் முகத்தை வைத்தால், பிசியோவின் செருப்பு மட்டும் தெரியும். நல்லதுதான், ஊசியைப் பார்க்காமல் இருப்பது உத்தமம். பார்த்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. அக்குபஞ்சர்காரர்கள் வைத்திருக்கும் அதே ரக ஊசி, தடிமன் கால் மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும், நடுவில் துளை கிடையாது. அவர்கள் சக்தி ஓடும் பாதையைத் தேடுவார்கள், இவர்கள் முடிச்சைத் தேடுவார்கள். தோள் தசையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, சின்னக் குழாய் ஒன்றை வைத்து, ஊசியின் தலையில் ஒரு தட்டு. தோலில் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். உள்ளே போய் முடிச்சைத் தொட்டதும் தசை, தூண்டிலில் சிக்கிய கெண்டை போல ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலுக்காகத்தான் தேடிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு முதல் இரண்டு குத்துக்கும் துள்ளவில்லை. கணக்குப் பரீட்சையில் பெயிலான மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவதில் துள்ளியபோது, “ஆங்!” என்றார் பிசியோ. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

“எனக்கு வலிக்கிறது இங்கே சார், நீங்க அங்கே குத்துறீங்க” என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பனை மரத்தில் தேள் கொட்டினால் தென்னை மரத்தில் நெறி கட்டும் என்பது இந்த வைத்தியத்தில் பழமொழியல்ல, பாடம். தோளின் முன்பக்கம் குடையும் வலிக்கு, முடிச்சு பின்னால் தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கலாம். ஒற்றைத் தலைவலி என்று நீங்கள் நினைத்திருந்தது கழுத்தோரத் தசையின் வேலையாக இருக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிற ஆளா, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோளுக்கு அடியிலேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது. தசையைக் கிள்ளித் தூக்கிக் குத்துவது அதற்காகத்தான். யூடியூப் பார்த்துத் தானே குத்திக்கொள்ள நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

அன்று ராத்திரி, காசு கொடுத்து அடி வாங்கி வந்த மாதிரி வலிக்கும். ஒன்றிரண்டு நாளில் அது போய்விடும். மூன்றாம் நாள் ஸ்கூட்டரைத் திருப்பும்போது நான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். பார்த்த பிறகுதான் உறைத்தது, ஆறு மாதமாகக் கண்ணாடியை நம்பியே வண்டி ஓட்டியிருக்கிறேன். இந்த நிம்மதி எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆய்வுகள் ஓரளவு கைகொடுப்பது சில வாரங்கள் வரைக்கும்தான். அதற்குப் பிறகு கழுத்தைக் காப்பாற்ற, பொம்மை போட்ட உடற்பயிற்சித் தாள் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டவும். எங்கள் வீட்டில் அதன்மேல் இப்போது கேஸ் ரசீது இருக்கிறது.

நேற்று அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூட்டுக்கும் போடுவார்களா என்று கேட்டார். மூட்டுக்குள்ளே குத்த மாட்டார்கள், சுற்றியுள்ள தொடை, கெண்டைக்கால் தசையில்தான் குத்துவார்கள், தேய்ந்த எலும்பு அதனால் வளராது, இறுக்கம் வேண்டுமானால் குறையும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“சரி, கூட்டிட்டுப் போ. எனக்கு மட்டும் மருந்தும் சேர்த்துப் போடச் சொல்லு.”