உங்கட முறை, அண்ணை!

ஆள் சேர்த்து, பேர் வைச்சு, சட்டைக்கு நிறம் பார்த்து, கையில துவக்கைக் குடுத்து, பிறகு எதிரி தன்ர முறையை ஆடி முடிக்குமட்டும் நகத்தைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறதும் ஒரு விளையாட்டு. முறை வைச்சு ஆடுற இந்தக் கணினிப் போர் விளையாட்டுகளைப் பற்றிக் கேளுங்கோ எண்டு போன இதழில சொன்னதுதான் தாமதம், மண்டைதீவிலயிருந்து நெடுந்தீவு மட்டும் கொமாண்டர்மார் கிளம்பி வந்திட்டினம். பதில் சொல்லுறது மண்கும்பான் கொமாண்டர்.

கே: எக்ஸ்கொம் விளையாட்டில 95 வீதம் படும் எண்டு காட்டினது. எதிரி மூக்குக்கு முன்னால நிக்கிறான். என்ர ஆள் வானத்தைப் பார்த்துச் சுட்டான். இது கள்ள விளையாட்டுத்தானே? – பொறுமையிழந்தவன், அல்லைப்பிட்டி

ப: தம்பி, 95 வீதம் எண்டால் இருபதில ஒண்டு பிழைக்கும். ஒரு மிஷனில நீர் அப்பிடி 20 சூடு சுடுகிறீர் எண்டு வையும். இருபதும் படுறதுக்கு வாய்ப்பு ஏறக்குறைய 36 வீதம்தான். அதாவது ஒண்டாவது பிழைக்கும் எண்டு பந்தயம் கட்டினால் நான் வெல்லுறதுக்குத்தான் சாத்தியம் கூட. 

ஆனாலும் உம்மட சந்தேகம் சரி. கள்ளம் நடக்குது. அது உமக்காக நடக்குது! எக்ஸ்கொம் 2இல லேசான நிலைகளில அடுத்தடுத்துச் சூடு பிழைச்சால், விளையாட்டு சொல்லாமல் கொள்ளாமல் உம்மட வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டிவிடும். யப்பான்காரர் இன்னும் ஒரு படி மேல. ஃபயர் எம்ப்ளெம் வரிசையில 2002இல வந்த ஆட்டத்திலயிருந்து ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்ணைக் குலுக்கிச் சராசரி எடுக்கத் தொடங்கிச்சினம். திரையில 90 எண்டு போட்டிருக்கும், உண்மையில 98. எதிரிக்கு 30 எண்டு போட்டிருக்கும், உண்மையில 18. ஏனெண்டால் மனிசன் 90ஐக் கண்டால் நூறு எண்டும், 30ஐக் கண்டால் சைபர் எண்டும்தான் கணக்குப் போடுவான் எண்டது அவைக்குத் தெரியும். இவ்வளவு சலுகைக்குப் பிறகும் உமக்குப் பிழைக்குதெண்டால், வெள்ளைப்புற்றடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிச்சுப்போட்டு ஆடிப்பாரும்.

கே: முறை வைச்சு ஆடுற விளையாட்டுகளில சிறந்தது எது? – வேலணை வாசகன்

ப: கரண்ட் இருக்கேக்க ஆடுறது.

கே: எக்ஸ்கொம் எப்ப வந்தது? அப்பவே நீங்கள் ஆடியிருப்பியளே? – சுருவில் வாசகி

ப: 1994. இங்கிலாந்தில ஜூலியன் கொலப், நிக் கொலப் எண்ட அண்ணன் தம்பி செய்தது. ஒரு விமானத்தில 14 பேரை ஏத்தலாம். ஒவ்வொருத்தனுக்கும் நேர அலகு எண்டு ஒண்டு இருக்கும். குனியிறதுக்கும் அது செலவு, திரும்புறதுக்கும் செலவு. 2012இல ஃபிராக்ஸிஸ் நிறுவனம் திருப்பிச் செய்தபோது நாலு பேரோட தொடங்கி ஆறு பேர் மட்டும் எண்டு சுருக்கிப்போட்டினம். நல்ல வேலை, 14 பேரை மேய்க்கிறதுக்கு ஒரு அரச அதிபர் வேணும்.

1994இல நான் ஆடினனோ எண்டு கேட்டிருக்கிறியள். அந்த வருசம் யாழ்ப்பாணத்தில கரண்டே இல்லை, பிள்ளை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி ரேடியோச் செய்தி கேட்ட காலம். முறை வைச்சு நாங்கள் ஆடினது அந்தச் சைக்கிள் பெடலைத்தான்.

கே: என்ர படையில எல்லாருக்கும் சொந்தக்காரரின்ர பேர் வைச்சிருக்கிறன். மாமிக்கு மட்டும் இடம் சரிவரேல்லை. எங்க போடலாம்? – ரொறன்ரோவிலயிருந்து ஒரு புங்குடுதீவு மருமகன்

ப: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே நடத்துறம்! 

எக்ஸ்கொம் 2இல ஆக்களை முன்கூட்டியே செய்து ஒரு பட்டியலில போட்டு வைக்கலாம். பேர், பட்டப்பேர், முகம், தலைமயிர், குரல், கவசத்தின்ர நிறம், ஒரு சின்ன வாழ்க்கை வரலாறு, எல்லாம் உம்மட கை. பிறகு அந்த ஆள் எப்பிடி வரலாம் எண்டு மூண்டு இடத்தில அடையாளம் போடலாம். முதலாவது, படைவீரர். இதைப் போட்டீரெண்டால் மாமி உம்மட கட்டளைக்கு நடப்பா. நம்பக்கூடியதாய் இல்லை, விடும். இரண்டாவது, காப்பாத்த வேண்டிய முக்கியஸ்தர். ஆறு பேரும் உயிரைக் குடுத்து மாமியை விமானம் மட்டும் கூட்டிக்கொண்டு வரவேணும். துவக்கு இல்லாத மாமி பின்னால பத்திரமாய் வருவா. உம்மட குடும்ப நிலவரத்தோட ஒத்துப்போகுது. 

மூண்டாவதுதான் தங்கம்: எதிரிப் பக்க முக்கியஸ்தர். அதைப் போட்டிட்டு மறந்து போயிருப்பீர். ஒரு நாள் நடு இரவில கதவைத் திறந்தால் மாமி எதிரிக் காவலோட நிப்பா. சுடலாம். ஆனால் உயிரோட பிடிச்சுத் தோளில காவிக்கொண்டு வந்தால்தான் பரிசு கூட. உம்மட பதில் என்னெண்டு மனிசி பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டிருப்பா எண்டதையும் யோசியும்.

ஒரு எச்சரிக்கை. பேர் வைச்ச ஆளைக் கவனமாய் நடத்தத் தொடங்குவீர். பேர் தெரியாத புதுப்பொடியனை முன்னுக்கு அனுப்பிப்போட்டு, சித்தப்பாவைச் சுவருக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிற கொமாண்டர்மாரைக் கண்டிருக்கிறன். எல்லாருக்கும் பேர் வையும்.

கே: புங்குடுதீவு அணி மண்கும்பான் அணியை வெல்லுமோ? – மேற்படி மருமகன்

ப: கேள்வியில எழுத்துப்பிழை.

கே: ஆறு பேரையும் ஸ்னைப்பராய் வைச்சால் தூர நிண்டே முடிச்சுப்போடலாமே? – சாட்டிக் கடற்கரை நண்பர்கள்

ப: ஸ்னைப்பர் ஆசை எண்டது ஒரு வருத்தம். வெயில் படாமல், வேர்க்காமல், கூரையில படுத்திருந்து பேர் எடுக்கிற ஆசை. எக்ஸ்கொம் 2இல அந்தப் பெரிய துவக்கால சுட ஒரு முழு முறை வேணும். ஒரு அடி நகர்ந்தால் அந்த முறை அதால சுட ஏலாது. அதோட, எட்டத்தில நிக்கிற எதிரியைச் சுடவேணுமெண்டால் உங்கட ஆள் ஒருத்தர் கிட்டப் போய் அவனைக் கண்டிருக்கவேணும். ஆறு பேரும் கூரையில படுத்திருந்தால் ஆர் பார்க்கிறது? காகமோ?

அணி எண்டால் இப்பிடி வையுங்கோ. முன்னுக்குப் போய் எட்டிப்பார்க்க ஒரு ரேஞ்சர். எதிரி ஒளிஞ்சு நிக்கிற சுவரையே குண்டு போட்டு இல்லாமல் ஆக்க ஒரு கிரெனேடியர். காயப்பட்டவனுக்கு ட்ரோனை அனுப்பி மருந்து கட்ட ஒரு ஸ்பெஷலிஸ்ட். உயரத்தில ஒரே ஒரு ஸ்னைப்பர், அதுவும் உங்கட ஆசைக்கு. மிச்சம் ரெண்டு பேரும் இடத்துக்கு ஏத்தமாதிரி. அரைச்சுவர் மறைப்பு, சுடுறவனின்ர வாய்ப்பில 20ஐக் குறைக்கும். முழுச்சுவர் 40ஐக் குறைக்கும். பக்கவாட்டில போய் நிண்டால் ரெண்டும் சைபர். முழுப் போரும் இந்த மூண்டு எண்ணுக்குள்ளதான்.

இதெல்லாம் தீவாருக்குப் புதுசோ? இந்தப் பத்தியில எத்தினையாவது தரமோ தெரியாது, திருப்பியும் சொல்லுறன்: கிளித்தட்டு ஆடுங்கோ! தட்டு மறிக்கிறவன் தன்ர கோட்டை விட்டு அசையமாட்டான்; காலடியைப் பார்த்துக்கொண்டு நிப்பான், நீங்கள் பாய்ஞ்ச நொடியில அடி விழும். எக்ஸ்கொம்காரர் ஓவர்வாச் எண்டு பெரிசாய்ச் சொல்லுறது அதைத்தான். அவனையே பார்த்துக்கொண்டு நீங்கள் நிக்க, நடுக்கோட்டால கிளி வந்து முதுகில தட்டும். அதுதான் பக்கவாட்டுத் தாக்குதல். எங்கட பள்ளிக்கூட வளவுகளில சுண்ணாம்பால கோடு போட்டுப் படிப்பிச்ச பாடத்தை இப்ப 60 டொலருக்கு வாங்குறம். வளவு முழுக்க ஸ்ரம்ப் நட்டு வைச்சிருக்கிற கிரிக்கெட்காரருக்கு இது விளங்காது.

கே: செத்த ஆளைப் பழைய சேமிப்பைத் திறந்து எழுப்பலாமோ? – கரம்பொன் மாணவன்

ப: எழுப்பலாம். ஆனால் 2012 எக்ஸ்கொமில குலுக்கலும் சேர்ந்துதான் சேமிக்கப்படும். அதே இடத்தில நிண்டு அதே சூட்டைச் சுட்டால் அதே பிழை. பேசாமல் வேற வழியால போம்.

கே: வீட்டுக் கணினி என்ர வயசு. காசும் இல்லை. எதை ஆடலாம்? – ஏ.எல். எழுதினவன், சரவணை

ப: பற்றில் ஃபோர் வெஸ்னோத். டேவிட் வைற் எண்டவர் 2003இல தொடங்கினது, உலகம் முழுக்கத் தன்னார்வலர் சேர்ந்து வளர்த்தது, சதம் குடுக்கத் தேவையில்லை. அறுகோணக் கட்டம். பகலில பலம் கூடுற படையும் இருக்கு, இரவில பலம் கூடுற படையும் இருக்கு. மணி பார்த்துத்தான் சண்டைக்குப் போகவேணும். தப்பிப் பிழைச்சவையை அடுத்த கட்டத்துக்கும் கூப்பிடலாம், அனுபவம் கூடக்கூடத் தரமும் ஏறும். 

ஒரு சூத்திரம் சொல்லித்தாறன். எதிரியை விழுத்துற கடைசி அடிக்குத்தான் அனுபவப் புள்ளி அள்ளிக் கிடைக்கும். பெரியவர் அடிச்சுக் களைக்கப்பண்ணட்டும், கடைசி அடியை இளசுக்கு விடும். பழைய வீரன் ஒருத்தனையே நம்பி ஆடுறவன் மூண்டாம் கட்டத்தில அவனைப் பறிகுடுத்திட்டு மேசையில அடிப்பான். இது எங்கட சங்கங்களுக்கும் பொருந்தும். தலைவர்மாரின்ர பேர் சொல்லமாட்டன்.

கே: எப்ப பார்த்தாலும் ராசகுமாரன், மந்திரவாதி. எங்கட கடற்தொழிலாளர் வாற விளையாட்டு ஒண்டும் இல்லையோ? – ஊர்காவற்றுறைச் சம்மாட்டி

ப: இருக்கு, ஐயா! ஜேர்மனியில ஹம்பேர்க் நகரத்தில செய்து 2017இல வெளியிட்ட பற்றில் பிறதர்ஸ். நீங்கள் ஒரு கூலிப்படைத் தலைவர். ஊர் ஊராய்ப் போய், கமக்காரன், எலி பிடிக்கிறவன், மா அரைக்கிறவன் எண்டு அகப்பட்டவையைச் சம்பளத்துக்குச் சேர்க்கவேணும். அதில மீனவனும் உண்டு. எறிவலையும் வாங்கலாம்! எறிஞ்சால் எதிரி நிண்ட இடத்தில மாட்டுப்படுவான், தடுக்கிற வலுவும் குறையும். பிறகு பன்னிரண்டு பேரும் சுத்தி நிண்டு அலுவலை முடிக்கலாம். அந்தக் கடலில இன்னுமொரு வசதி, எல்லை தாண்டி இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகாது.

குறை ஒண்டு. ஆக்களுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்டும் இல்லை, சிலை மாதிரி மார்பளவுதான் கீறியிருக்கினம். ஆனால் நாட்கூலி மட்டும் முழு ஆளுக்குரியது. சாப்பாடு முடிஞ்சால் முணுமுணுப்பினம், சம்பளம் பிந்தினால் விட்டிட்டுப் போவினம். உங்களுக்கு இதொண்டும் புதுசாய் இராது.

கே: மகனுக்கு 14 வயசு. எந்நேரமும் கணினியில துவக்கும் சண்டையும். நாங்கள் கண்டது காணாதோ? – ஒரு தாய், நெடுந்தீவு

ப: அம்மா, இதுக்கு நான் பகிடி விடமாட்டன். 1985 மே 15 அண்டு குமுதினிப் படகில நடந்த படுகொலையைச் சுமக்கிற ஊர் உங்கட ஊர். உங்களுக்குத் துவக்குச் சத்தம் ஸ்பீக்கருக்குள்ளால வந்தாலும் துவக்குச் சத்தம்தான். அதால முதல் வேலை, மகனுக்கு ஒரு ஹெட்போன். அது அவனுக்குத் தண்டனையில்லை, வீட்டில இருக்கிறவைக்குக் குடுக்கிற மரியாதை எண்டு சொல்லுங்கோ.

எல்லாச் சண்டை விளையாட்டும் ஒண்டில்லை. கண்டதையெல்லாம் சுட்டுத்தள்ளி, செத்த உடன திருப்பி எழும்புறதும் இருக்கு. முறை வைச்சு ஆடுறதில ஒவ்வொரு அடிக்கு முன்னாலயும் யோசிக்க நேரம் இருக்கு, போனவன் போனவன்தான். எக்ஸ்கொமில செத்தவையின்ர பேரெல்லாம் ஒரு நினைவுச் சுவரில ஏறும். ஒரு நாள் பக்கத்தில இருந்து அந்தச் சுவரைக் காட்டச் சொல்லுங்கோ. இவன் ஆர், ஏன் செத்தான், ஆர் அனுப்பினது எண்டு கேளுங்கோ. "நான்தான் அனுப்பினனான்" எண்டு சொல்ல அவனுக்கு நா எழும்பாட்டி, பிள்ளை சரியாய்த்தான் வளருறான்.

அவனுக்கு 18 வயசு வந்தபிறகு திஸ் வோர் ஒஃப் மைன் எண்டதைக் காட்டலாம். சறயேவோ முற்றுகையை மனதில வைச்சுப் போலந்தில செய்து 2014இல வந்தது. அதில நீங்கள் கொமாண்டர் இல்லை. இடிஞ்ச வீட்டுக்குள்ள மருந்தும் விறகும் தேடுற சாதாரண சனம். 2020இல போலந்து அரசு அதைப் பள்ளிக்கூட வாசிப்புப் பட்டியலிலயே சேர்க்கிறதாய் அறிவிச்சது. அதை அவன் ஆடேக்க, நீங்கள் கண்டதை அவனுக்குச் சொல்லுங்கோ. கேட்பான்.

கே: அண்ணை, தோக்கப்போறன் எண்டு தெரியுது. நாலு பேர் காயம், எதிரி எட்டுப் பேர். கடைசி மட்டும் நிண்டு பிடிக்கிறதுதானே வீரம்? – நயினாதீவு இளைஞன்

ப: விசர்க்கதை கதையாதையும். எக்ஸ்கொம் 2இல கன மிஷன்களில விமானத்தைக் கூப்பிடலாம், விழுந்து கிடக்கிறவனைத் தோளில போட்டுக்கொண்டு ஏறலாம். மிஷன் தோல்வி எண்டு சிவப்பில போடும், போடட்டும். ஒரு ஊரைப் பிடிச்சு ஆறு பேரையும் இழந்தவனுக்கு அடுத்த மாசம் கையில புதுப்பொடியள் மட்டும்தான் மிச்சம். தோத்து ஆறு பேரையும் வீட்டை கொண்டுவந்தவனிட்டப் படை இருக்கு. ஓடுறதும் ஒரு நகர்த்தல்தான். இதை வாசிச்சு முடிச்சிட்டீரெண்டால் கெதியாய் விமானத்தைக் கூப்பிடும், எதிரி தன்ர முறையை உமக்காகத் தள்ளி வைக்கமாட்டான்.