அந்த ஓரிரு இடம் எங்கப்பு இருக்கு?

வாப்பு. அந்தப் போனை மடியில வச்சுட்டு இப்பிடித் திண்ணையில உக்காரு. வெள்ளெனருந்து பாக்குறேன், வானத்தை ஒரு தரம் பாத்தா போனை ஒம்போது தரம் பாக்குற. மழை என்ன, போனுக்குள்ளயா பெய்யப் போகுது?

என்ன சொல்லுதாம் அது? "புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." சரி. எனக்கு வயசு எண்பதாகப் போகுது. விராலிமலையிலருந்து மணமேல்குடி கடக்கரை வரைக்கும் இந்த மாவட்டத்தை நடையாவும் வண்டியிலயும் பஸ்சுலயும் அளந்தவன். அந்த 'ஓரிரு இடம்' எந்தப் பக்கம் இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் பிடிபடலை. எந்த பஸ்சுலயும் அந்தப் பேரு போட்ட போர்டைக் காணோம். நம்ம ஊரு அது இல்லைங்கிறது மட்டும் நல்லாத் தெரியும்.

கோச்சுக்காத. படிச்ச பிள்ளை ஒருத்தன் எனக்கு வெளக்கம் சொன்னான். மழை அளக்குற எடம் நூறு இருந்தா, அதுல 25-க்குள்ள நனைஞ்சா அதுக்குப் பேரு ஓரிரு இடமாம். மிச்சம் முக்காவாசி காஞ்சு கெடந்தாலும் சொன்னது பலிச்சதாத்தான் கணக்கு. என்னா ஒரு வார்த்தை பாத்தியா! எங்கப்பன் எனக்குப் பொண்ணு கேக்கப் போனப்ப இந்தப் பேச்சு தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா, "ஓரிரு ஏக்கர் நஞ்சை இருக்கக்கூடும்"னு சொல்லிட்டு வந்துருப்பாரு.

இன்னொண்ணு கேளு. 24 மணி நேரத்துல 2.5 மில்லிமீட்டர் பெஞ்சா அது 'மழை நாள்'னு ஏட்டுல ஏறிரும். காலையில எட்டரையிலருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்கும் ஒரு கணக்கு. எங்க அப்பத்தா 2.5 மில்லிமீட்டருக்கு முத்தத்துல காயிற மொளகாயைக்கூட அள்ள மாட்டா.

நம்ம அண்ணன் மகன் ஒருத்தன் இருக்கான். பேரைச் சொன்னா அடுத்த விசேசத்துக்குப் பத்திரிகை வராது, அதனால வேணாம். கடலை ஆஞ்சு களத்துல காயப் போட்டுருந்தான். போன்ல என்னமோ ஒரு செயலி, நூத்துக்கு எண்பது மழைன்னு காட்டுச்சு. தார்ப்பாயைப் போட்டு மூடிட்டான். மறுநாளும் எண்பது, அடுத்த நாளும் எண்பது. வெளிய பாத்தா வெயில் மண்டையைப் பொளக்குது. "சித்தப்பா, அதுல அப்பிடித்தான் காட்டுது"ங்கிறான். அப்ப உன் கண்ணுல என்னடா காட்டுதுன்னு கேட்டேன். பதில் இல்லை. நாலாம் நாள் தார்ப்பாயைத் தூக்குனா, உள்ள புழுங்கிப் பூசணம் பூத்து, பாதிக் கடலை மொளைச்சு நிக்குது. எண்பதுன்னா, இந்த மாதிரி நாளு பத்து வந்தா எட்டுல பெய்யும்னு அர்த்தம். ரெண்டுல பெய்யாது. அந்த ரெண்டு நாளு ஆருக்கு வரும்? களத்துல கடலை வச்சிருக்கிறவனுக்குத்தான் வரும்.

அதுக்காகப் பழசெல்லாம் பவுனுன்னு நெனைச்சுக்காத. பழைய ஆளுக்கு மட்டும் என்ன வாழ்ந்துச்சு? சித்திரை பொறந்தா பஞ்சாங்கம் படிப்பாக. இந்த வருசம் இத்தனை மரக்கால் மழை, அதுல கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நெலத்துக்கு இத்தனைன்னு பங்காளி சொத்து பிரிச்சாப்புல பிரிச்சு வச்சிருக்கும். எங்க பங்கை ஆரு வாங்கிட்டுப் போனாகன்னு ஒரு வருசமும் தெரிஞ்சதில்லை. மயில் ஆடுனா மழைம்பாக. விராலிமலையில போயிப் பாரு, அது பாட்டுக்கு ஆடிக்கிட்டுத்தான் நிக்கும். அது ஆடுறது பொட்டை மயிலுக்கு. நீதான் குடையைத் தேடுற. தட்டான் தாழப் பறந்தா மழைங்கிறதுல கொஞ்சம் நெசம் இருக்கு. ஈரக்காத்துல சின்னப் பூச்சியெல்லாம் கீழ எறங்கும், திங்கிறதுக்குத் தட்டானும் எறங்கும். ஆனா அது சொல்லுறது ஒரு நாழிகை, ரெண்டு நாழிகைக்கு முன்னாடி. நீ மேல்துண்டை எடுக்குறதுக்குள்ள நனைஞ்சுருவ.

மார்கழியில கர்ப்போட்டம் பாப்பாக. அன்னைக்கு மேகம் எப்பிடி ஓடுதோ அப்பிடித்தான் அடுத்த வருசத்து மழைன்னு கணக்கு. பலிச்ச வருசத்தை மட்டும் நாங்க ஞாபகம் வச்சுக்கிருவோம். பலிக்காத வருசம் யாருக்கும் ஞாபகத்துக்கு வராது. வயசானவுகளுக்கு மறதி சாஸ்திதானப்பு.

சிரிக்கிற. ஒருக்கா நான் சிரிச்ச கதையையும் கேட்டுக்க.

2018 நவம்பர். ஐப்பசி முடியப் போகுது. வங்கக்கடல்ல புயல் கெளம்பிருச்சு, கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுல ஏறும்னு நாளு பூரா டிவியில சொல்லிக்கிட்டே இருந்தாக. பேரு கஜா. இலங்கைக்காரன் குடுத்த பேரு. கஜான்னா யானை. இந்தத் திண்ணையிலதான் ஏழெட்டுப் பெருசு உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தோம். "யானை கடக்கரையில குளிச்சுட்டுத் திரும்பிரும். ஆலங்குடிப் பக்கம் அதுக்கு என்ன சோலி?"ன்னு கேட்டு எல்லாத்தையும் சிரிக்க வச்ச மகராசன் ஆருன்னு நெனைக்கிற? நான்தான்.

16-ந் தேதி வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள வந்துருச்சு. வேதாரண்யம் பக்கம் கரையேறி, மேற்கே பாத்து நடந்து, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம்னு ஒரு ஊரை விடலை. தென்னை வேரோட சாஞ்சுச்சு. பாட்டன் வச்ச பலா, ஒரு மரம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட பலா, வேரு மேல பாக்கப் படுத்துக் கெடந்துச்சு. கரண்டு கம்பமெல்லாம் அருகம்புல்லு மடங்குனாப்புல மடங்கிருச்சு. ராத்திரி பூரா ஓட்டைப் பிடிச்சுக்கிட்டுச் சாமியக் கும்புட்டேன். அன்னைக்கு ஒரு தட்டானும் தாழப் பறக்கலை. ஒரு எறும்பும் வந்து கதவைத் தட்டலை. நாலு நாளா சொன்னது அந்த வானிலை ஆபீசு மட்டும்தான்.

அதான் சொல்லுறேன், அவுகளை நான் கேலி பண்ணுறது வார்த்தைக்குத்தான், வேலைக்கு இல்லை. யானை வர்றது தொலைவுலயே தெரியும். நூறு நூறு மைல் அகலத்துக்குச் சுத்திக்கிட்டு வர்ற புயலு மேல போற செயற்கைக்கோளுக்குத் தெரியும், கிட்ட வந்துட்டா காரைக்கால் ரேடாருக்கும் தெரியும். கொசு எந்தக் கால்ல கடிக்கும்னு ஆரு சொல்லுவா? நமக்கு ஆடி ஆவணியில பெய்யுறது கொசு மழை. மேக்க மலையில மோதுற மேகம் கேரளாவுல கொட்டித் தீத்துட்டு நமக்கு வெறுங்காத்தைத்தான் அனுப்புது. இங்க பகலெல்லாம் தரை காஞ்சு, சூடு மேல ஏறி, சாயந்தரம் அங்கங்க ஒரு இடிமேகம் கட்டும். ஏதோ ரெண்டு மூணு மைல் அகலம், ஒரு மணி நேர ஆயுசு. போன வருசம் நம்ம கண்மாயில கலிங்குப் பக்கம் கொட்டுனப்ப, மடைப் பக்கம் என் மாட்டு மேல புழுதி பறந்துச்சே, மறந்துட்டியா? அதுக்கு ஓரிரு இடம்னு சொல்லாம வேற எப்பிடித்தான் சொல்லுவாக, பாவம்.

ஆனா நீ கேக்குற கேள்விதான் எனக்குப் பிடிக்கலை. மழை வருமா, மழை வருமாங்கிற. வந்தா எங்க வைப்ப?

ஒரு ஏக்கர் நெலத்துல ஒரு சென்டிமீட்டர் பெஞ்சா 40,000 லிட்டர் தண்ணியப்பு. கல்யாண வீட்டுக்குக் கொண்டாந்து ஊத்துறானே டேங்கர் லாரி, பத்தாயிரம் லிட்டர் வண்டின்னா அதுல நாலு. உன் தெருவுல எறங்குன அந்த நாலு லாரித் தண்ணி எங்க போச்சுன்னு எந்தச் செயலியாவது காட்டுதா? நீயும் கேக்கலை. குடத்துக்குப் பத்து ரூவா குடுத்து வாங்கிக் குடிச்சுக்கிட்டே, "இந்த வருசம் பருவமழை இயல்பு"ன்னு செய்தி படிக்கிற.

இந்த மாவட்டத்துல சின்னதும் பெருசுமா 5,000-க்கு மேல கண்மாய், ஏந்தல், குளம் இருக்கு. புதுக்கோட்டை டவுனுக்குப் பக்கத்துல கவிநாட்டுக் கண்மாய்க் கரையில நின்னு பாரு, கடல் மாதிரி கெடக்கும். எதுக்கு இம்புட்டு வெட்டுனானுக? மழை எப்ப வரும்னு அவனுகளுக்குத் தெரியாது. தெரியாதுங்கிறதை ஒத்துக்கிட்டானுக. எப்ப வந்தாலும் பிடிச்சு வைக்கத் தோண்டிப் போட்டானுக. மேல் கண்மாய் நெறைஞ்சா கலிங்கு வழியாக் கீழ் கண்மாய்க்கு, அது நெறைஞ்சா அதுக்கும் கீழ. கண்மாய்க்குள்ள ரெண்டு கல்தூணு நிக்குமே, மாடு முதுகு சொறியுமே, அது குமிழி. தண்ணிக்குள்ள முங்கிப் போயி அடைப்பைத் தொறந்து பாசனத்துக்கு விடுவாக. அதுல சில தூணுல எழுத்து வெட்டியிருக்கும், இன்னார் செய்வித்ததுன்னு. ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஆளு பேரெல்லாம் இருக்கு. நீ அதுல சாஞ்சு நின்னு போட்டோ எடுத்து, 'மழைக்காக வெயிட்டிங்'னு போட்டுவிடுற.

கஜா போன மறுவருசம், 2019 கோடையில, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் உன் வயசுப் பிள்ளைகதான் சொந்தக் காசைப் போட்டுக் குளத்தையும் வாரியையும் வெட்டுனானுக. ஆரும் வந்து செய்வாகன்னு காத்துக்கிட்டு இருக்கலை. கேலி பண்ண அந்தப் பக்கம் போனேன். வாயைத் தொறக்க முடியலை, மோரை வாங்கிக் குடிச்சுட்டு நானும் ரெண்டு கூடை மண்ணு சுமந்துட்டு வந்தேன்.

ஐப்பசி பொறக்க இன்னும் இருவது நாள் கெடக்கு. நம்ம வரத்துவாரி ஓரிரு இடங்களில் அடைச்சுக் கெடக்கு. இந்த ஓரிரு இடம் எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒண்ணு, பாலத்துக்குக் கீழ சீமைக்கருவை. இன்னொண்ணு, நம்ம அண்ணன் மகன் வைக்கோல்போர் போட்டுருக்கிற எடம். மம்பட்டி உள்ள மூலையில இருக்கு, எடுத்துட்டு வா. போனையும் கொண்டா, வைக்கோல்போரை அவன் எடுக்குறப்ப ஒரு போட்டோ பிடிச்சுக்கிறலாம்.