சிடி வேஷம் போட்ட மோடம்

2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம், கர்நாடக எல்லையோரக் கெலமங்கலத்துப் பிள்ளைகளுக்கு விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் கொடுத்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய சுதேசிச் சரக்கு. அதில் இணையத்துக்கான யூஎஸ்பி டாங்கிளைச் செருகினால், பல நேரம் மோடம் வராது, சிடி வரும்! உள்ளே இருப்பதோ விண்டோஸ் டிரைவர். 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற நிரல் அந்தச் சிடியை வெளியே தள்ளினால்தான் டாங்கிள் வேஷம் கலைத்து மோடமாகும். பிறகு கட்டளை வழியே டயல் செய்யப் போனால், மோடத்தைத் தொட அனுமதியுள்ள 'டயல்அவுட்' குழுவில் உங்கள் பெயர் இல்லையாம், அனுமதி மறுப்பு. சொந்தக் காசில் வாங்கிய டாங்கிளுக்கு!

சிக்னல் தமிழ்நாட்டு டவரா, கர்நாடக டவரா என்பது வேறு பஞ்சாயத்து. அன்றைக்கு ரோமிங் கட்டணம் உண்டு. பிட்ஜின் என்ற அரட்டை நிரலைத் திறந்து 'சாப்டியா' என்று கேட்பதற்குள் எதிராளி சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். லினக்ஸையும் சேர்த்து. விண்டோஸ் பக்கம் ஓடிய பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.