படிக்காசியல்: ஊர் சுற்றும் மருந்துப் பிரதிநிதியின் சொந்த நிதி பற்றி

மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கழிக்கும் ஊழியரிடம் இரு வகைப் பணம் உண்டு. ஒன்று கம்பெனிப் பணம். அது இன்னும் வந்து சேரவில்லை. மற்றது சொந்தப் பணம். அது ஏற்கெனவே செலவாகிவிட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவை ஆராயும் துறை படிக்காசியல். இத்துறைக்கு மெடிக்கல் ரெப்பை விடச் சிறந்த ஆய்வுப்பொருள் கிடையாது.

துறையின் வரலாறு தொன்மையானது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் தங்கியிருந்த அப்பருக்கும் சம்பந்தருக்கும் அடியார்களுக்கு அமுது படைக்க இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு வைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பரின் காசு கடைவீதியில் அப்படியே செல்லுபடியானது. சம்பந்தரின் காசுக்கு வணிகர்கள் வட்டம், அதாவது கழிவு, கேட்டார்கள். அவர் மடத்தில் சாப்பாடு தாமதமாயிற்று. அவர் ஒரு பதிகம் பாட, நல்ல காசு வந்தது. ஒரே வேலை பார்க்கும் இருவருக்கு ஒரே படி கிடைப்பதில்லை என்பதற்கும், குறை இருந்தால் மேலிடத்துக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே மூலச் சான்று. முறையீட்டுக்கு அவ்வளவு விரைவில் தீர்வு கிடைத்ததற்குப் பிந்தைய சான்று எதுவும் இல்லை. 1976-இல் வந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் நியமனக் கடிதத்தையும் விடுப்பையும் பேசியது. சாப்பாடு தாமதமாவதைப் பற்றி அது கவலைப்படவில்லை.

ரெப்பின் உலகம் மூன்று மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டவருக்கு மதுரை ஹெச்.க்யூ. காலையில் போய் இரவு வீடு திரும்பும் மேலூரும் உசிலம்பட்டியும் எக்ஸ் ஸ்டேஷன். இராத் தங்க வேண்டிய கம்பமும் ராமேஸ்வரமும் அவுட் ஸ்டேஷன். மண்டலம் மாற மாற தினப்படியும் கூடும். ஆகவே ஓர் ஊரின் அருமை அதன் கோயிலிலோ குளத்திலோ இல்லை, அங்கே இராத் தங்க வேண்டுமா என்பதில் இருக்கிறது.

இனி பசி. உடலியலார் இதை வயிற்றில் தோன்றுவதாகக் கருதுகின்றனர். படிக்காசியல் இதை ஏற்பதில்லை. பசி தோன்றும் இடம் கணக்குப் பிரிவு. தினப்படி இவ்வளவு என்று ஒட்டுமொத்தமாகத் தரும் கம்பெனியில் பணிபுரியும் ரெப்புக்கு மதியம் இரண்டு மணிக்கு அளவுச் சாப்பாடே அதிகம். இரவுக்கு இரண்டு இட்லி போதும், வாழைப்பழம் வயிற்றுக்கு நல்லது என்பார். ஊரில் அம்மா உணவகம் இருந்தால் 1 ரூபாய் இட்லியின் மென்மையை வியப்பார். அதே மனிதர் பில் கொடுத்தால் முழுத் தொகையும் தரும் கம்பெனிக்கு மாறட்டும்: மறு வாரமே மட்டன் பிரியாணி, கூட ஒரு ஆம்லெட், ‘வெயில் தாங்கலை’ என்று ஏசி அறை. ஆளும் அவரே, வயிறும் அதுவே. மிச்சம் தன் பைக்கு வரும் இடத்தில் அவர் துறவி. வராத இடத்தில் ஜமீன்தார். ரெப்பின் சேமிப்பு என்பது பெரும்பாலும் உண்ணப்படாத உணவே. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(14) பிரிவு, சுற்றுப்பயணப் படிக்கு உண்மையில் செலவான அளவுக்குத்தான் விலக்கு அளித்தது. பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தது அச்சட்டத்தின் கண்ணில் வருமானம். அந்தப் பகுதியைக் கணக்கில் காட்டியவரைக் காண்பது அரிது.

சான்றாவணம் அடுத்தது. ஆட்டோவுக்கு பில் இல்லை, டீக்கும் இல்லை. லாட்ஜுக்கு உண்டு, ஆனால் ‘எவ்வளவுக்கு சார் போடணும்?’ என்று மேனேஜர் பேனாவைத் திறந்தபடி கேட்கும்போது அந்த ஆவணம் வரலாற்றிலிருந்து இலக்கியத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஓட்டல்கள் தரும் வெப்பத்தாள் பில் வேறு ரகம். அதில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சு சூடுபட்டுக் கருப்பதே எழுத்து. வெயிலிலும் பர்ஸிலும் சில வாரம் கிடந்தால் எழுத்து வெளிறிப்போகும். மாதக் கடைசியில் கோப்பில் ஒட்டப்படுவது பல நேரம் வெறும் வெள்ளைத் தாள்தான். அனுபவசாலிகள் வாங்கிய கையோடு போட்டோ எடுத்துவிடுகின்றனர்.

கடைசிப் பேருந்து பற்றிய விவாதம் ஒரு காலத்தில் துறையையே பிளந்திருந்தது. கம்பத்தில் வேலை முடித்தவர் இரவு வண்டி பிடித்து மதுரைக்கு வந்து வீட்டிலேயே படுத்தால், அவர் கம்பத்தில் தங்கியதாகக் கருதலாமா? கருதலாம் என்றது ஊழியர் தரப்பு. படி தங்குவதற்காகத் தரப்படுகிறது, எங்கே தங்குவது என்று சொல்லப்படவில்லை என்பது அவர்கள் வாதம். நிர்வாகத் தரப்பு வாதமே செய்யவில்லை. இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆப்பை எல்லோர் போனிலும் ஏற்றச் சொன்னது. அத்துடன் இத்தத்துவப் பள்ளி மூடப்பட்டது.

பணத்தைப் பிரித்து வைப்பதற்கு முன்னோர் கண்ட முறை பை முறை. சட்டைப்பையில் கம்பெனிச் செலவு, பேன்ட் பின்பையில் வீட்டுக் காசு, பேக்கின் உள் ஜிப்பில் ஆபத்துக்கு ஒரு ஐந்நூறு. ஒரு பை காலியானால் கண்ணுக்குத் தெரியும். 2016-இல் யூபிஐ வந்து எல்லாப் பைகளையும் ஒரே கணக்காக்கிவிட்டது. இப்போது டாக்டர் வாசலில் குடித்த டீயும், மகள் ஸ்கூல் வேன் கட்டணமும், ஸ்டாக்கிஸ்ட்டுக்கு வாங்கிய பூங்கொத்தும் ஒரே ஸ்டேட்மென்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. பயணச் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்கு மட்டும் ஒரு யூபிஐ வைத்துக்கொள்வதே பழைய சட்டைப்பைக்கு ஒப்பான தீர்வு. இதைப் பரிந்துரைக்காத அறிஞர் இல்லை, கடைப்பிடிப்பவர் சிலரே.

எந்தத் தலைப்பிலும் அடங்காத செலவு ஒன்று உண்டு: வீட்டுக்கு வாங்கிப் போகும் தின்பண்டம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2020-இல் பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய், 2023-இல் பெற்ற மணப்பாறை முறுக்கு ஆகியவை சந்தித்த டாக்டர்களின் எண்ணிக்கையை விடத் துல்லியமாகச் சுற்றுப்பயணத்தை நிரூபிக்கும். ஆயினும் கம்பெனி இவற்றை ஏற்பதில்லை. வீடோ இவற்றைச் செலவாகவே கருதுவதில்லை, வராவிட்டால்தான் கணக்குக் கேட்கும்.

இறுதியாக, கடன். பயணச் செலவை முதலில் ரெப் போடுகிறார். பட்டியல் மாத முடிவில் போகிறது. பணம் அதன்பின் எப்போதோ வருகிறது. அதுவரை அவர் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர். இதற்கிடையே 5-ஆம் தேதி பைக் தவணை வங்கியில் தானாகக் கழியும். பணம் இல்லையென்றால் அபராதம். கிரெடிட் கார்டில் செலவு செய்தால் சுமார் 45 நாள் மூச்சு விடலாம், ஆனால் அதே கார்டில் ரொக்கம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரு மாதச் சுற்றுப்பயணச் செலவைச் சொந்தக் கையிருப்பாக ஒதுக்கி வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவ்வளவு கையிருப்பு உள்ளவர் பொதுவாக ஏரியா மேனேஜர்.

பட்டியலில் அவர் கை வைப்பார். ஆட்டோ பாதியாகும், பில் வெளிறிய சாப்பாடு முழுதாகப் போகும். வெட்டுப்பட்ட தொகை அடுத்த மாதம் ‘ஜெராக்ஸ், கொரியர்’ என்ற பெயரில் மறுபிறவி எடுப்பது மரபு. அதில் மேனேஜர் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போடுவதும் மரபு. அவருடைய பட்டியலிலும் ஜெராக்ஸ் இருக்கிறது.