அரிசியும் கறியும் எப்போது வரும்?

மேன்மை தங்கிய அலுவலகத்துக்கு,

பூச்சி விரட்டத் தாங்கள் விநியோகித்த துண்டறிக்கையில் தங்கள் பெயர் இல்லை. பெரியவர்களின் அடக்கம். அதனால் முகவரி இல்லாமலே எழுதுகிறேன்.

சொன்னதையெல்லாம் செய்தேன். கரப்பானுக்குப் பிரிஞ்சி இலை, எறும்புக்குப் பட்டைத்தூள், எலிக்குப் புதினா, கொசுவுக்குக் கிராம்பு குத்திய எலுமிச்சை, மிச்சத்துக்கெல்லாம் பூண்டுத் தண்ணீர். நேற்று சம்பந்தி வீட்டார் முதல்முறையாக வந்தார்கள். தெருமுனையிலேயே முகம் மலர்ந்துவிட்டதாம். நான் டீயும் பிஸ்கட்டும் வைத்தேன். அவர்கள் பார்வை அடுப்படியை விட்டு நகரவில்லை. "தம் இன்னும் உடைக்கலையா?" என்று சம்பந்தியம்மா கேட்டே விட்டார். கோட்டக்குப்பத்துக்காரி விருந்தாளிக்குப் பிரியாணி வாசத்தை மட்டும் பரிமாறினாள் என்ற பெயர் தங்கள் புண்ணியத்தில் எனக்குக் கிடைத்தது.

வாசற்படியில் உப்புத் தூவினால் எறும்பு வராது என்றும் போட்டிருந்தீர்கள். மரக்காணத்து உப்பு அம்பாரம் அம்பாரமாய்க் குவிகிற கரையில் இருந்துகொண்டு இது தெரியாமல் போச்சே! எங்கள் எறும்பு உப்பின் மேலேயே ஏறி வந்தது. வினிகர் போட்டுத் துடைத்தது மட்டும் கொஞ்சம் பலித்தது. எறும்பு போட்டுவைத்த வாசனைத் தடம் அழிய, அது சற்று நேரம் திகைத்து நின்றது. பிறகு வேறு வழி போட்டுக்கொண்டது. சாலை போடுவதில் அதற்குள்ள சுறுசுறுப்பு... சரி, விடுங்கள்.

சம்பந்தி வீட்டார் இருந்த நேரம் பார்த்துத் தங்கள் ஊழியர் டார்ச்சோடு வந்தார். கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல் குழியில் புழு நெளிகிறது, அபராதம் என்று சம்பந்தி காதில் விழும்படி சொன்னார். டெங்குக் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். குழியைத் துடைக்காதது என் தப்பு, கட்டிவிடுகிறேன். ஆனால் அவர் எதைத் தாண்டி உள்ளே வந்தார்? மூன்று வாரமாக வாசலில் நிற்கிற சாக்கடையைத்தானே? முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். யானைக்கால் கொசு அங்கே இரண்டு தலைமுறை பார்த்துவிட்டது. அதற்கு யார் அபராதம் கட்டுவது? எங்கள் பிள்ளைகளைக் கடிக்க விட்டுவிட்டு எங்களையே பூண்டு உரிக்கச் சொல்ல வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். பூண்டு நெடி மண்டைக்கு ஏறிவிட்டது.

பக்கத்துப் புதுச்சேரியில் 1975-லிருந்து நோய் பரப்பும் கொசு போன்ற பூச்சிகளுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. யானைக்கால் நோயை ஒடுக்க 1981 முதல் 1985 வரை அந்த நகரத்தில் பெரிய வேலை நடந்தது. கொசு பிறக்கிற தண்ணீரைத்தான் தேடிப் போனார்கள். பிரிஞ்சி இலையை அல்ல. தங்கள் மேதைமை அப்போது கிடைக்காமல் போனது அவர்கள் துரதிர்ஷ்டம்.

ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த துண்டறிக்கையில் சீரகச் சம்பாவையும் ஆட்டுக்கறியையும் சேர்த்துவிடுங்கள். தேக்சா நான் தருகிறேன். சாக்கடை ஓரத்தில் அடுப்பு மூட்ட இடம் உண்டு. பொழுது சாய்ந்ததும் வாருங்கள். மற்ற விருந்தாளிகளும் அப்போதுதான் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஆணைப்படி மணக்கும் குடும்பத் தலைவி,
கோட்டக்குப்பம்