எத்-ஜீரோ நிலைபேற்று ஆராய்ச்சி: ஒரகடத்தில் எழுந்த ஐயமும் விடையும்

இராமாநுசர் 1017-இல் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலை நெடுகிலும் ஆலைகள். அவற்றுள் ஒன்றில் லைன் கணினி ஒன்று, அதில் நெட்வொர்க் கார்டு இரண்டு எனக் கொள்க. ஒன்று இயந்திரத்தை ஆட்டுவிக்கும் பிஎல்சிக்கு, மற்றது ஆபீஸுக்கு. ஆயுத பூஜை விடுமுறையில் சந்தனம், குங்குமத்தோடு லினக்ஸ் அப்டேட்டையும் சாத்தி எழுப்பினால், முன்னதன் பெயர் பின்னதற்குப் போய்விடுகிறது. கார்டு அதே, கேபிள் அதே. லைன் மட்டும் நிற்கிறது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஐடிக்காரரை முறைக்க, அவர் கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறார். பெயர் வந்த வரிசைக்கு உரியதா, மேனிக்கு உரியதா, இருக்கும் இடத்துக்கு உரியதா என்னும் ஐயம் இங்ஙனம் பிறக்கிறது. பாஷ்யகாரர் பிறந்த மண் ஆதலால், பூர்வபட்சத்தை முதலில் கூறுவதே முறை.

வரிசைவாதிகள், கெர்னல் முதலில் கண்டது எத்-ஜீரோ, அடுத்தது எத்-ஒன் என்பர். அஃது ஒவ்வாது. டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஏறும்போது எது முந்தும் என்பதைக் கெர்னலும் அறியாது.

மேனிவாதிகள், கார்டோடு பிறந்த மேக் முகவரியை யுடெவ் விதிக் கோப்பில் எழுதி, அதற்கு நேரே பெயரையும் எழுதிவைத்தனர். கார்டு எரிந்து புதியது மாட்டினால் என் செய்வது? இறந்தவர் பெயர் நீங்காத ரேஷன் கார்டுபோல, எத்-ஜீரோ எரிந்துபோன கார்டுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். புதியது எத்-டூ ஆகும். ஒரு டிஸ்க்கை நகலெடுத்துப் பத்து லைன் கணினிகளில் போடுபவர் கதி இன்னும் பரிதாபம்.

இதற்கிடையே, 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்த டெல் நிறுவனத்தார் பயாஸ்டெவ்நேம் என்றொரு மென்பொருள் இயற்றினர். போர்டிலேயே பதிந்தது ஈஎம்-ஒன், ஸ்லாட்டில் செருகியது பி1பி1. ஃபெடோரா 15 இதை 2011-இல் ஏற்றது. ரெட் ஹாட் 6.1-ஓ டெல் இயந்திரங்களுக்குத் தானாக வழங்கிற்று, மற்றவற்றுக்குக் கேட்டால் மட்டுமே. ஆகவே ஒரே ரேக்கில் இரு கம்பெனி சர்வர் இருந்தால் இரு சமயம் என்க.

இடவாதிகள் 2013 ஜனவரியில் சிஸ்டம்டி 197-ஓடு வந்தனர். ஈஎன்பி3எஸ்0 என்றால் மூன்றாம் பஸ், பூச்சிய ஸ்லாட். தர்க்கம் அழகுதான். ஆனால் பெயின்ட்டில் கீறல் பார்க்கும் கேமராவுக்கென ஒரு கிராஃபிக்ஸ் கார்டு செருகினால், பஸ் எண் நகர்ந்து மூன்று நான்காகிவிடலாம். கார்டு செருகாதவரும் தப்பவில்லை: கெர்னல் போர்ட்டின் பெயரையும் சொல்லத் தொடங்கியபோது சில கார்டுகளின் வாலில் என்பி0 முளைத்தது. பெயர் மாறாதிருக்க விதி செய்தவர்கள், விதி மாறாதிருக்க இன்னொரு விதி செய்ய நேர்ந்தது. 2018 டிசம்பரில் வந்த 240-ஆம் பதிப்பிலிருந்து, எந்தப் பதிப்பின் இலக்கணப்படி பெயர் வேண்டும் என்று பூட் வரியிலேயே கேட்கலாம்.

இனிச் சித்தாந்தம். இன்ன மேக் உடையதற்கு இன்ன பெயர் என்று லிங்க் கோப்பில் நாமே எழுதிக்கொள்வது. கார்டு எரிந்தால் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதலாம். பெயர் இருந்தபடி இருக்கும். எத் என்று தொடங்கும் பெயர் மட்டும் ஆகாது, கெர்னலோடு போட்டி வரும். நீளமும் 15 பைட்டுக்கு மிகலாகாது. இவ்விடத்து ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எண்ணிப் பார்த்ததில் இருங்காட்டுக்கோட்டை சரியாக 15, சுங்குவார்சத்திரமும் சரியாக 15! ஊரமைத்தோர் தீர்க்கதரிசனம் வியக்கத்தக்கது. தமிழ் எழுத்திலோ ஒரகடம் என்ற சிற்றூர்ப்பெயரே 18 பைட் ஆகி வெளியே நிற்கிறது. 2020 ஜனவரியில் வந்த கெர்னல் 5.5 முதல் நீண்ட மாற்றுப்பெயரும் சூட்டலாம். பத்திரப்பதிவு ஆபீஸில் ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று எழுதுவது கெர்னலுக்கும் எட்டிவிட்டது போலும்.

கோப்பைத் திருத்தி ரீபூட் செய்தும் பழைய பெயரே வருகிறதே என்பார்க்கு விடை: இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பழைய கோப்பின் பிரதி கிடக்கக்கூடும். அதையும் புதுப்பித்து, அடுத்த ஷிஃப்ட் பஸ் வருமுன் மீண்டும் ரீபூட் செய்க.